ஒருத்தர் வாயிலும் வராத விடை

நூறு பேர் உட்கார்ந்து, தொண்டை கிழியப் பாடிக்கொண்டு, பட்டப்பகலில் ஆற்றின் நடுவே ஓட்டிப்போகிற ஒரு படகுக்கு ரகசியம் என்று ஒன்று இருக்கிறது என்பதை முதலில் கண்டுபிடித்தவர் குஞ்சேரியா சார். அதுவரை எங்கள் நெடுந்துருத்தில் யாருக்கும் இந்த விஷயம் தெரியாது. எங்கள் பாம்புப் படகு பயிற்சிக்கு இறங்கினால் இந்தக் கரையில் எங்கள் ஊர் நிற்கும், எதிர்க்கரையில் போட்டி ஊரான மேலேக்கரி நிற்கும். சுக்கான்காரன் சொதப்பினால் இரண்டு கரையிலிருந்தும் ஒரே நேரத்தில் வசவு வரும். அப்படியே பழகிவிட்டோம்.

நான் படகுத்துறையை ஒட்டித் தையல்கடை வைத்திருப்பவன். பூர்வீகம் செங்கோட்டை. குட்டநாட்டுக்கு வந்தபோது மீசை கறுப்பு, இப்போது வெள்ளை. துடுப்புக்காரர்கள் அத்தனை பேருக்கும் சட்டை தைப்பது நான் என்பதால் நெடுந்துருத்துப் படகுக் கழகத்தில் எனக்கும் உறுப்பினர் பதவி உண்டு. ஓட்டுரிமை கிடையாது, கூட்டத்துக்குப் போனால் சாயா உண்டு. வாய் சாயாவில் இருந்ததால் காது சும்மா இருந்தது, அதனால்தான் இவ்வளவும் எனக்குத் தெரியும்.

கழகத்துக்கு ஓர் இணைய மன்றம் இருந்தது. பயிற்சி எத்தனை மணிக்கு, யார் எந்தப் பலகையில் உட்காருவது, துடுப்பை எந்த வேகத்தில் போடுவது என்பதெல்லாம் அதில்தான் வரும். உறுப்பினர்கள் மட்டும் உள்ளே போகலாம். ஆரம்பத்தில் எல்லாருக்கும் ஒரே கடவுச்சொல்தான். யாரும் மறந்துவிடக்கூடாது என்று அதைக் கழகத்தின் வெளிச்சுவரில், ஆற்றைப் பார்த்த மாதிரி, பெரிய எழுத்தில் எழுதிவைத்திருந்தார்கள். ஒருத்தரும் மறக்கவில்லை.

கெடுத்தது பொன்னப்பன்தான். வாத்து மேய்ப்பவன், நாற்பதைத் தாண்டியவன், வஞ்சகம் தெரியாதவன். அவன் மனைவி விலாசினி மேலேக்கரிக்காரி. அவள் தம்பி சுகுணன் மேலேக்கரிப் படகில் துடுப்புப் போடுகிறவன். ஒருநாள் சாயாக்கடையில் சுகுணன், "நாளைக்கு விடியக்காலைல பயிற்சியாமே அளியா, வடக்கு வளைவுல பாசி கெடக்கு, பாத்துப் போங்க" என்று சொல்லியிருக்கிறான். மச்சினன் அளியா என்று கூப்பிட்டு அக்கறையாகச் சொன்னானே என்று பொன்னப்பன் அதை அப்படியே கழகத்தில் வந்து சொன்னான். சொன்ன வாயை மூடுவதற்குள் அவசரப் பொதுக்குழு கூடிவிட்டது.

குஞ்சேரியா சாரைப் பற்றிச் சொல்லவேண்டும். ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் லாக்கர் அறைக்குப் பொறுப்பாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் காலத்தில் அங்கே ஒரு திருட்டுகூட நடந்ததில்லை. ஒரு தடவை பூட்டு இறுகிப்போய் எட்டு மாதம் யாராலும் அந்த அறையைத் திறக்க முடியாமல், இரண்டு கல்யாணங்கள் நகை இல்லாமலே நடந்தன. அந்த எட்டு மாதத்தைத்தான் தன் பணிக்காலத்தின் பொற்காலம் என்று இன்றைக்கும் சொல்வார்.

"எதிரி உள்ள வந்துட்டான்" என்று அவர் பேச ஆரம்பித்தார். "எப்படி வந்தான்? கதவு வழியா வந்தான். கதவு ஏன் இருந்துச்சு? நம்ம ஆளுங்க போய்வரணும்னு வச்சோம். அங்கதான் தப்பு. நம்ம ஆளுங்க போற வழியிலதான் எதிரியும் வருவான். லாக்கர் அறையில இருந்தவன் சொல்றேன், கதவுங்கறதே ஒரு பலவீனம்."

சரசம்மா டீச்சர் எழுந்தார். மகளிர் அணித் தலைவி, தொடக்கப் பள்ளியில் பாடம் நடத்துகிறவர். "ஆளுங்க சிரமப்படாம உள்ள வரணும் சார். வர்றவங்க முகத்துல ஒரு சிரிப்பு இருக்கணும். நான் மூணாங் கிளாசுக்கு அப்படித்தான் கதவுல பூ ஒட்டி வச்சிருக்கேன்."

"பூ ஒட்டுங்க. கதவைச் சாத்திட்டு ஒட்டுங்க" என்றார் குஞ்சேரியா சார்.

தலைவர் சிவதாசன் பிள்ளை இரண்டு கைகளையும் தராசு மாதிரி விரித்தார். எந்த விஷயத்திலும் ஒரு பக்கம் சாய்ந்து அவரை யாரும் பார்த்ததில்லை. உட்காரும்போதுகூட நாற்காலியின் நட்டநடுவில்தான் உட்காருவார். "இந்தக் கை பாதுகாப்பு. இந்தக் கை வசதி. ரெண்டும் சமமா இருக்கணும். அதனால ரெண்டு உபகுழு போடறோம். பாதுகாப்புக் குழு ஒரு கஷ்டம் வச்சா, வசதிக் குழு அதுக்கு ஈடா ஒரு சுகம் வைக்கணும். கஷ்டமும் கொறையக்கூடாது, சுகமும் கொறையக்கூடாது" என்று தீர்ப்புச் சொன்னார். கை தட்டினோம். சாயா வந்தது.

அடுத்த வாரமே வேலை ஆரம்பமாகிவிட்டது. இனிமேல் ஆளுக்கொரு கடவுச்சொல். அதில் சொந்தப் பெயர், மனைவி பெயர், சாமி பெயர், படகின் பெயர் எதுவும் வரக்கூடாது. ஞாபகம் வைத்துக்கொள்ளக்கூடிய சொல்லாக இருக்கக்கூடாது, மறந்தால் கழகம் பொறுப்பாகாது. யாரிடமும் சொல்லக்கூடாது, குஞ்சேரியா சாரிடம் மட்டும் சொல்லிவைக்கவேண்டும். செவ்வாய்க்கிழமைதோறும் மாற்றவேண்டும், மாற்றுவதற்கு முதலில் பழையதைச் சொல்லவேண்டும்.

இதற்கு ஈடாக வசதிக் குழு ஒரு சுகம் வைத்தது. கடவுச்சொல் தப்பாகப் போனால் திரையில் ஒரு தாமரை விரியும். "பரவாயில்லை, நீங்கள் எங்களுக்கு மிகவும் வேண்டியவர்" என்று சரசம்மா டீச்சரின் குரல் வரும். அதற்குப் பிறகு அலுப்புத் தீர, படகு தள்ளும்போது பாடுகிற ஒரு வஞ்சிப்பாட்டு, முழுசாக. நடுவில் நிறுத்த முடியாது. நிறுத்த முயன்றால் பாட்டு முதலிலிருந்து வரும்.

ஒரு வாரம் நெடுந்துருத்தில் வீட்டுக்கு வீடு அந்த வஞ்சிப்பாட்டுதான் கேட்டது. ஊருக்கு ஏதோ திருவிழா வந்துவிட்டது என்று நினைத்து வளையல் விற்கிற ஒரு வியாபாரி கடை போட வந்துவிட்டுப் போனார்.

பொன்னப்பனுக்கு இதெல்லாம் விளையாட்டில்லை. ஊரில் பிறந்த ஆண்பிள்ளை ஒருமுறையாவது அந்தப் படகில் உட்காரவேண்டும். அவனுக்கு அது இன்னும் வாய்க்கவில்லை. வருஷா வருஷம் காத்திருப்போர் வரிசையில் நிற்பான், இடம் கிடைக்காது, கரையில் வாத்துகளோடு நின்று கத்துவான். திருவோணத்தன்று மனைவி வீட்டுக்குச் சாப்பிடப் போனால், இலையில் சோறு விழுவதற்கு முன்னால் மாமனார் கேட்பார்: "மாப்ள, இந்த வருஷமாவது படகுல உண்டா, இல்ல கரைல வாத்தோடதானா?" சுற்றி உட்கார்ந்திருக்கும் மேலேக்கரிக்காரர்கள் சிரிப்பார்கள். பொன்னப்பனும் சிரிப்பான். அவன் சிரிப்பதை நான் பார்த்திருக்கிறேன், பார்க்க நன்றாக இருக்காது.

இந்த வருஷம் அவனுக்குப் பலகை கிடைத்துவிட்டது. இடது பக்கம், பின்னாலிருந்து நாலாவது. என் கடைக்கு வந்து சட்டைக்கு அளவு கொடுத்தான். இடுப்பை அளக்கும்போது வயிற்றை எக்கிப் பிடித்துக்கொண்டான். "விட்டுடுறா, துடுப்பு போடறப்ப சட்டை கிழியும்" என்றேன். "கிழியட்டும் அண்ணாச்சி, போட்டுத்தானே கிழியும்" என்றான்.

இந்த நேரத்தில் புது விதி வந்தது. போட்டி சனிக்கிழமை. வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் ஒவ்வொரு துடுப்புக்காரரும் மன்றத்துக்குள் போய்த் தன் இடத்தை உறுதி செய்யவேண்டும். செய்யாதவர் இடம் அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

கூடவே, கடவுச்சொல் ஒருத்தருக்கும் ஞாபகம் நிற்காததால் அதற்குப் பதிலாக ஓடிபி வந்தது. கைப்பேசிக்கு ஓர் எண் வரும், அதை ஒரு நிமிஷத்துக்குள் போடவேண்டும். ஓடிபி வருகிற கைப்பேசியிலேயே மன்றத்தைத் திறக்கக்கூடாது, அதற்கு வேறு கைப்பேசி வேண்டும் என்றார் குஞ்சேரியா சார். ஏன் என்று கேட்டதற்கு, "ஒரே ஆள்கிட்ட ரெண்டு சாவியும் இருந்தா அவன் திறந்துடுவான்ல?" என்றார். எங்கள் ஊரில் கைப்பேசிக்கு சிக்னல் கிடைப்பது ஆற்றின் நடுவில் மட்டும்தான். வீட்டு வைஃபையோ வாசலைத் தாண்டி வராது.

ஆகவே பொன்னப்பன் ஒரு கைப்பேசியோடு சின்னத் தோணியில் ஏறி நடு ஆற்றுக்குப் போனான். விலாசினி இன்னொரு கைப்பேசியோடு வாசல்படியில் நின்றாள். வாத்துகள் அவன் போகிற இடத்துக்கெல்லாம் போகும், அவையும் கூட்டமாகப் பின்னால் நீந்தின.

"வந்துடுச்சு" என்று கத்தினான் பொன்னப்பன். "நாலு, ஒம்போது, ரெண்டு..."

வாத்துகள் கத்தின.

"என்னது? ரெண்டுக்கு அப்பறம்?" என்று விலாசினி கத்தினாள்.

"எட்டு."

"ஏழா?"

"எட்டு சேச்சி, எட்டு" என்று எதிர்க்கரையிலிருந்து சுகுணன் குரல் கொடுத்தான். "நாலு, ஒம்போது, ரெண்டு, எட்டு. சீக்கிரம் போடு, நேரம் ஓடுது."

அவன் மட்டுமா? மேலேக்கரிப் படித்துறையில் குளித்துக்கொண்டிருந்தவர்கள், துவைத்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் சேர்ந்து எண்ணைச் சொன்னார்கள். அந்த வாரம் முழுக்க இதேதான். எங்கள் ஆள் ஒவ்வொருத்தனும் நடு ஆற்றில் நின்று கத்துவான், எதிர்க்கரை அதைத் திருப்பிச் சொல்லும். இரண்டு ஊருக்கும் கொள்வினை கொடுப்பினை உண்டு, அளியனுக்கு அளியன் இந்த உதவிகூடச் செய்யவில்லை என்றால் நாளைக்கு முகத்தில் முழிக்க முடியாது.

விலாசினி எண்ணைப் போட்டாள். திரையில் தாமரை வரவில்லை. பொன்னப்பன் தோணியைக் கரைக்கு இழுத்துக்கொண்டு ஓடிவந்தான். கடைசியாக ஒரு கேள்வி இருந்தது: "வெள்ளத்துக்கு அடுத்த வருஷம் நடந்த போட்டியில் நாம் ஏன் தோற்றோம்?"

அந்தப் போட்டியைப் பற்றி நெடுந்துருத்தில் பேச்செடுத்தால் அடுப்பில் இருப்பது தீய்ந்துவிடும். ஒரு கை நீளத்தில் மேலேக்கரியிடம் கோப்பை போனது. வேற்றாள் யாருக்கும் இதற்குப் பதில் தெரியாது, ஊர்க்காரனுக்குத்தான் தெரியும் என்று குஞ்சேரியா சார் கணக்குப் போட்டிருக்கிறார். ஊர்க்காரனுக்குத் தெரியும், உண்மைதான். ஆளுக்கு ஒன்று தெரியும்.

பொன்னப்பன் அன்றைக்குக் கரையில் நின்று பார்த்தவன். "காற்று" என்று போட்டான். தாமரை விரிந்தது. பாட்டு முடிகிறவரை காத்திருந்து "எதிர்க்காற்று" என்று போட்டான். மறுபடி தாமரை. "தெற்கேயிருந்து வந்த எதிர்க்காற்று" என்று போட்டான். கதவு இழுத்து மூடிக்கொண்டது. நாளை வாருங்கள், நீங்கள் எங்களுக்கு மிகவும் வேண்டியவர் என்றார் டீச்சர்.

மறுநாள் அவன் முதல் பலகைக்காரரான அவராச்சனிடம் போய்க் கேட்டான். அவராச்சன்தான் அன்றைக்கு முன்னால் உட்கார்ந்து துடுப்புப் போட்டவர்.

"அதுல என்னடா சந்தேகம்? படகோட வயித்துல ஆகாயத்தாமரை சுத்திக்கிச்சு. இல்லன்னா நாமதான்."

"அதைப் போட்டா உள்ள விடுதா சேட்டா?"

அவராச்சன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டார். "விடாம? நான் நேத்தே போயிட்டேன்" என்றார், ஆற்றைப் பார்த்துக்கொண்டே.

பொன்னப்பன் ஆகாயத்தாமரையைப் போட்டான், கதவு திறக்கவில்லை. சுக்கான்காரனைக் கேட்டான், பாட்டுக்காரன் மெட்டை மாற்றினான் என்றான் அவன். பாட்டுக்காரனைக் கேட்டால் சுக்கான்காரனுக்கு வயிற்றுப்போக்கு என்றான். கொடி அசைத்தவன் கண்ணில் தூசி, மேலேக்கரிக்காரர்கள் துடுப்பில் எண்ணெய், குறுக்கே பறந்த நீர்க்காகம் என்று ஊரில் எத்தனை வாய் உண்டோ அத்தனை காரணம். எல்லாரும் தங்கள் பதிலைப் போட்டு உள்ளே போய்விட்டதாகவே சொன்னார்கள். ஊரிலேயே தான் ஒருத்தன்தான் மடையன் என்று பொன்னப்பன் முடிவு கட்டினான். வெளியே சொல்ல வெட்கப்பட்டு என் கடையில் வந்து உட்கார்ந்துகொண்டு, தைத்து மடித்து வைத்திருந்த தன் சட்டையைத் தடவிப் பார்ப்பான். எனக்கு எரிச்சலாக வந்தது. "போய் அந்த மனுஷனையே கேளுடா" என்று இழுத்துக்கொண்டு போனேன்.

கழக அலுவலகத்தில் குஞ்சேரியா சாரும் டீச்சரும் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள்.

"உள்ள போக முடியல சார்" என்றான் பொன்னப்பன்.

"புகாரா? புகார்ப் பெட்டி மன்றத்துக்குள்ள இருக்கு. உள்ள போய்ப் போடு."

"உள்ள போக முடியாததுதான் சார் புகார்."

"அப்ப வேற வழி. நீ பொன்னப்பன்தான்னு ஏற்கெனவே உள்ள போன ரெண்டு உறுப்பினர் சாட்சி சொல்லணும்."

"நான் பொன்னப்பன்தான்னு உங்களுக்கே தெரியுமே சார். உங்க வீட்டுக்கு முட்டை போடறவன் நான்தானே."

"நீதான்னு எனக்குத் தெரியும். ஆனா நீதான் நீங்கறதுக்கு நான் எப்படிப் பொறுப்பாக முடியும்? நாளைக்கே உன்ன மாதிரி ஒருத்தன் உன்ன மாதிரி முட்டையோட வந்தா?" என்று கேட்டுவிட்டு அவர் திரையைத் தட்டிக் காட்டினார். "எல்லாரும் போறாங்கப்பா. இங்க பாரு. இந்த நிமிஷம் மன்றத்துல எழுபத்தாறு பேர் இருக்காங்க. எல்லாரும் படிக்கறாங்க. மன்றம் ஆரம்பிச்ச நாள்லேருந்து இவ்வளவு கூட்டம் வந்ததே இல்ல."

"ஒரு புகார்கூட வரலை" என்றார் டீச்சர். அவர் கண்கள் கலங்கியிருந்தன. "எல்லாருக்கும் சுகமா இருக்கு போல. உனக்கு மட்டும் ஏன் பொன்னப்பா கஷ்டமா இருக்கு? பாட்டு பிடிக்கலையா?"

பொன்னப்பன் பாட்டு பிடித்திருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாங்கள் கடை வாசலில் உட்கார்ந்து கட்டன் சாயா குடித்துக்கொண்டிருந்தோம். அவன் அன்றைக்கும் மூன்று தடவை தோற்றிருந்தான். சுகுணன் தோணியில் வந்து இறங்கினான், கையில் அக்காளுக்குக் கப்பைக்கிழங்கும் மீன்கறியும். வந்ததும் பொன்னப்பன் தோளில் தட்டினான்.

"அளியா, ஒன் எடத்த உறுதி பண்ணிட்டேன். எடது பக்கம், பின்னாலேருந்து நாலாவதுதானே?"

"நீ எப்படிடா பண்ண?"

"நீதான் நம்பரக் கத்துனியே. நான் என் போன்ல போட்டேன். அப்பறம் ஒரு கேள்வி கேட்டுச்சு, பதில் சொன்னேன். திறந்துடுச்சு. எங்க ஊர்ல எல்லாரும் அப்படித்தான் உள்ள போனாங்க. ஒங்க ஆளுங்க எடமெல்லாம் அப்படியே கெடந்துச்சு, ஒருத்தரும் உறுதி பண்ணல. நீங்க வராம நாங்க யாரோட போட்டி போடறது? அதான் அவனவன் அளியனுக்கு அவனவன் பண்ணி விட்டுட்டோம்."

பொன்னப்பன் கிளாசைக் கீழே வைத்தான். "அந்தக் கேள்விக்கு என்னடா பதில் போட்ட?"

"ஏன் தோத்தீங்கன்னு கேட்டுச்சு. அவங்க நம்மளவிட நல்லா துடுப்பு போட்டாங்கன்னு போட்டேன். வேற என்ன?"

நான் அங்கே இருந்தேன், பார்த்தேன். பொன்னப்பன் முகம் செத்துவிட்டது. மீன்கறிப் பாத்திரத்தைக்கூட வாங்காமல் எழுந்து வீட்டுக்குப் போய்விட்டான். "அண்ணாச்சி, நான் என்ன தப்பாச் சொல்லிட்டேன்?" என்று சுகுணன் என்னைக் கேட்டான். எனக்கு வயிற்றுப்பிழைப்பு இந்த ஊரில். தையல் எந்திரத்துக்கு எண்ணெய் போடப் போய்விட்டேன்.

சனிக்கிழமை காலை. பாலத்தடியில் போட்டி ஆரம்பமாகும். மற்ற ஊர்ப் படகுகள் எல்லாம் ஒவ்வொன்றாகக் கிளம்பிப் போய்க்கொண்டிருந்தன. எதிர்த்துறையில் மேலேக்கரிப் படகு ஆட்களோடு தயாராக நின்றது. எங்கள் துறையில் நான் தைத்த சட்டையோடு நூறு பேர் வரிசையில் நின்றார்கள். படகுக்குப் போகிற பலகையை மறித்து ஒரு நாற்காலி, அதில் குஞ்சேரியா சார்.

"நூறு எடமும் மன்றத்துல உறுதியாயிருக்கு. கழகத்துக்கே பெருமை. ஒரே ஒரு கடைசிச் சோதனை. உள்ள போனவங்களுக்குத்தான் அந்தக் கேள்விக்குப் பதில் தெரியும். ஒவ்வொருத்தரா வந்து என் காதுல பதிலைச் சொல்லிட்டு ஏறுங்க."

அவராச்சன் குனிந்து காதில் சொன்னார். குஞ்சேரியா சார் தலையை ஆட்டி ஒதுங்கச் சொன்னார். அடுத்தவன் சொன்னான், அவனையும் ஒதுக்கினார். சுக்கான்காரன், பாட்டுக்காரன், பத்துப் பேர், இருபது பேர் என்று ஒதுங்கினவர்களின் கூட்டம் படித்துறையை அடைத்துக்கொண்டு நின்றது. குஞ்சேரியா சாரின் முகம் வெளுத்தது.

"ஒருத்தருக்கும் தெரியலைன்னா மன்றத்துக்குள்ள இருந்தது யாரு?"

"நாங்கதான் சார்" என்று எதிர்த்துறையிலிருந்து சத்தம் வந்தது.

சிவதாசன் பிள்ளை இரண்டு கைகளையும் விரித்தார், எதை எதில் வைப்பது என்று தெரியாமல் அப்படியே நின்றார். குஞ்சேரியா சார் விதிப்புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "முறைப்படி லாகின் பண்ணினது அவங்கதான். விதிப்படி பாத்தா இந்தப் படகுல உக்கார வேண்டியவங்களும் அவங்கதான்."

"எங்களுக்கு வேற படகு இருக்கு சார்" என்றான் சுகுணன்.

பொன்னப்பன் வரிசையில் நகர்ந்து நாற்காலிக்கு முன்னால் வந்து நின்றான். அவனுக்கும் படகுக்கும் நடுவில் ஒரு பலகைதான். பின்னாலிருந்து நாலாவது இடம் அவன் நின்ற இடத்திலிருந்தே தெரிந்தது. கரையில் விலாசினி நின்றாள். அவன் உதடு ஒருதடவை திறந்து மூடியது. பிறகு குனிந்து சொன்னான்.

குஞ்சேரியா சாருக்குக் காது கொஞ்சம் மந்தம். "சத்தமா" என்றார்.

"அவங்க நம்மளவிட நல்லா துடுப்பு போட்டாங்க."

ஆறு கேட்டது, கரை கேட்டது. வாத்துகள்கூட அந்த நேரம் பார்த்துக் கத்தவில்லை. குஞ்சேரியா சார் எழுந்து நின்று அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"சரியான விடை. ஏறு."

"இதையா சார் பதிலா வச்சீங்க?" என்று அவராச்சன் கேட்டார்.

"ஆமா. நான் நல்லா யோசிச்சுத்தான் வச்சேன்" என்றார் குஞ்சேரியா சார். "நம்ம ஊர்ல ஒருத்தர் வாயிலயும் வராத பதிலா இருக்கணும். செத்தாலும் ஒருத்தனுக்கும் தோணக்கூடாது. இதைவிடப் பலமா ஒரு பூட்டு இருந்தா நீங்களே சொல்லுங்க."

அதற்குள் பொன்னப்பன் பலகையில் நடந்து போய்த் தன் இடத்தில் உட்கார்ந்துவிட்டான். நூறு பேர் உட்காருகிற படகில் தன்னந்தனியாக, துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு, நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். அத்தனை பேர் முறைத்ததில் அவன் காது சிவந்திருந்தது. ஆனாலும் இறங்கவில்லை.

மற்றவர்களும் பதில் சொன்னால் ஏறலாம் என்றார் குஞ்சேரியா சார். "என் அப்பன் அதைச் சொல்லாமதான் செத்தான், நானும் சொல்ல மாட்டேன்" என்றார் அவராச்சன். தொண்ணூற்றொன்பது பேரும் அப்படியே நின்றார்கள். பாலத்தடியிலிருந்து முதல் விசில் கேட்டது. மேலேக்கரிப் படகு துறையை விட்டு நகர்ந்தது, நகரும்போது அவர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள்.

கடைசியில் சரசம்மா டீச்சர்தான் வழி சொன்னார். பாதுகாப்புக்கு ஈடாக வசதி வேண்டுமல்லவா? யாரும் வாயைத் திறக்கவேண்டாம். பதிலைப் பொன்னப்பன் சொல்லுவான், ஏறுகிறவர் மறுக்காமல் ஏறினால் போதும். சிவதாசன் பிள்ளையின் இரண்டு கைகளும் ஒரே மட்டத்துக்கு வந்தன.

பொன்னப்பனை இறக்கி நாற்காலிக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள். அவராச்சன் வந்தார். "அவங்க நம்மளவிட நல்லா துடுப்பு போட்டாங்க" என்றான் பொன்னப்பன். அவராச்சன் வானத்தைப் பார்த்துக்கொண்டு ஏறினார். அடுத்தவன் வந்தான், பொன்னப்பன் மறுபடி சொன்னான். சிலர் காதைப் பொத்திக்கொண்டு ஏறினார்கள். இரண்டு பேர் அழுதார்கள். சொல்லிச் சொல்லிப் பொன்னப்பன் தொண்டை கட்டிவிட்டது, விலாசினி வெந்நீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

ஐம்பதாவது ஆள் ஏறும்போது போட்டி தொடங்குகிற துப்பாக்கிச் சத்தம் கேட்டது. எழுபதாவது ஆள் ஏறும்போது ஆரவாரம் கேட்டது. கடைசி ஆள் ஏறி, பொன்னப்பனும் ஏறி, எங்கள் படகு பாலத்தடிக்குப் போனபோது பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். கோபத்தில் எங்கள் ஆட்கள் துடுப்பை எடுத்தார்கள் பாருங்கள். எதிரே போட்டி இல்லை, பாட்டு இல்லை, ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கவில்லை, ஆனால் அப்படியொரு வேகத்தை என் மீசை கறுப்பாக இருந்த காலத்திலிருந்து நான் பார்த்ததில்லை. பந்தல்காரர்கள் மூங்கிலைப் போட்டுவிட்டு எழுந்து நின்று பார்த்தார்கள்.

சாயங்காலம் பொதுக்குழு. புதுக் கேள்வி முடிவானது: "இந்த வருஷம் நாம் ஏன் தோற்றோம்?" கழகம் தோன்றிய நாளிலிருந்து முதல் தடவையாக அத்தனை வாயும் ஒரே பதிலைச் சொன்னது. எல்லாரும் குஞ்சேரியா சாரை நோக்கிக் கையை நீட்டினார்கள். "எல்லாருக்கும் தெரிஞ்ச பதில் பலவீனமான பதில்" என்று அவர் அதைத் தள்ளுபடி செய்தார். வேறு பதில் கண்டுபிடிக்க ஓர் உபகுழு போட்டார்கள். சாயா வந்தது.

பொன்னப்பன் சாயாவுக்கு நிற்கவில்லை. திருவோணத்துக்கு இன்னும் ஐந்து நாள்தான் இருந்தது. தோணியை எடுத்துக்கொண்டு நேரே மேலேக்கரிக்குப் போனான். ஒரு கை வேண்டும் என்று என்னையும் கூட்டிக்கொண்டான். படித்துறையில் கோப்பையைச் சுற்றிக் கூட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். ஆட்டம் பாட்டம் ஒன்றும் இல்லை. சுகுணன் எழுந்து வந்தான்.

"அளியா, அடுத்த வருஷமும் என் எடத்த நீதான் பாத்துக்கணும்" என்றான் பொன்னப்பன், கட்டின தொண்டையோடு.

"பாத்துக்கறேன். கேள்வி என்னவாம்?"

"இந்த வருஷம் ஏன் தோத்தோம்னு."

சுகுணன் கோப்பையைத் திரும்பிப் பார்த்தான்.

"அது எனக்குத் தெரியாது அளியா. இந்த வருஷம் நாங்க ரொம்ப மோசமாத்தான் துடுப்பு போட்டோம்" என்றான்.